பவானி சிஸ்டர் வாங்கிய சத்தியங்கள்

பவானி சிஸ்டருக்கு மெதுவாகப் பேச வராது. ராயபுரத்துப் பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் வேலை. ஆம்புலன்ஸ் வந்து நின்றால் சைரனுக்கு மேல் அவள் குரல்தான் கேட்கும் என்று எதிர் டீக்கடைக்காரர் கேலி செய்வார். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. திருவொற்றியூர் குப்பத்தில், கடலுக்குப் பத்தடி தள்ளி வளர்ந்தவள். அப்பா தாமோதரன் ஃபைபர் போட் ஓட்டியவர். அலை இரைச்சலுக்கு மேலே கத்தினால்தான் அந்த வீட்டில் ஒரு வாய் சோறு கேட்டு வாங்க முடியும். அங்கிருந்து நர்சிங் படித்து, அரசு வேலை வாங்கி, இரண்டு பிள்ளைகளையும் பெற்று வளர்த்துவிட்டாள். குரல் மட்டும் குப்பத்திலேயே நின்றுவிட்டது.

அவசரப் பிரிவுக்கு எல்லாமும் வரும். துறைமுகத்து லாரியில் அடிபட்டவர்கள், காசிமேட்டில் கையில் தூண்டில் முள் ஏறியவர்கள், எண்ணூர் பக்கத்து கம்பெனிகளில் விரல் நசுங்கியவர்கள். அவர்களோடு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டவர்களும் வருவார்கள். கூட வரும் அம்மாவோ புருஷனோ சொல்லிவைத்தாற்போல ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: "கை தவறிப் பட்டுடுச்சி சிஸ்டர்." போலீஸ் கேஸாகிவிடுமோ, அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடுமோ, நாளைக்குப் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காதோ என்று ஆயிரம் பயம். கை தவறியதா இல்லையா என்பது பார்த்த மாத்திரத்தில் பவானிக்குத் தெரிந்துவிடும்.

அப்படி வந்தவர்களை யாரும் திட்ட விடமாட்டாள். அதில் அவளைக் கும்பிடவேண்டும். வார்டு உதவியாளர் ஆறுமுகநயினார் ஒருமுறை, "மரத்துப்போற ஊசி எதுக்கு சிஸ்டர்? சும்மா தையலப் போடுங்க. வலிச்சாதான் புத்தி வரும்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"இன்னாய்யா சொன்னே? நாளைக்கு நீ கால ஒடச்சிகினு வா. சும்மா கட்டுறேன். உனக்குப் புத்தி வருதா பாக்கலாம்" என்று பவானி போட்ட சத்தத்தில், காய்ச்சலுக்கு வந்து வரிசையில் நின்றவர்கள்கூட ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள். அதன் பிறகு நயினார் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

ஆனால் அவளுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. கட்டுப்போட்டு முடிந்ததும் அந்தப் பெண்ணையோ பையனையோ எழுப்பி உட்காரவைப்பாள். அம்மாவைக் கிட்டே கூப்பிடுவாள். "அம்மா தலைல அடிச்சி சத்தியம் பண்ணு. இனிமே இப்படிப் பண்ணமாட்டேன்னு சொல்லு" என்பாள். அவர்கள் அழுதுகொண்டே கையை வைப்பார்கள். அம்மாவும் அழுவாள். பவானியும் மூக்கை உறிஞ்சிக்கொள்வாள். "இந்தப் பக்கமே நீ வரக் கூடாது, ஆமா" என்று அதட்டி அனுப்புவாள். ஆஸ்பத்திரியில் யாரிடமும் "போயிட்டு வாங்க" என்று சொல்லக் கூடாதல்லவா, அதையும் சேர்த்து.

சத்தியம் பலித்தது. பவானி சத்தியம் வாங்கி அனுப்பியவர்கள் திரும்பி வந்ததே கிடையாது. டாக்டர்களே இதைச் சொல்லி ஆச்சரியப்படுவார்கள். பவானிக்கு உள்ளூர ஏகப்பட்ட பெருமை. இருக்காதா பின்னே?

இதை ஒப்புக்கொள்ளாத ஆள் ஒருவன்தான். பெயர் பீம்ராவ். எர்ணாவூர்க்காரன், மனநலப் பிரிவில் சமூகப் பணியாளர். அதிர்ந்து பேசமாட்டான். "அக்கா, சத்தியம் வாங்காதீங்க. தனியா உக்கார வெச்சி, சாகணும்னு தோணுதான்னு நேரா கேளுங்க. கேட்டா எங்ககிட்ட அனுப்பறதா வேணாமான்னு தெரியும்" என்று ஒருமுறை சொல்லிப்பார்த்தான்.

பவானி காதைப் பொத்திக்கொண்டாள். "அய்ய, அந்த வார்த்தைய வாயால சொல்வாங்களாப்பா? நீ போ, உன் வேலையப் பாரு."

அவளுடைய குப்பத்தில் அப்படித்தான். கடலுக்குக் கிளம்புகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. ஆண்கள் கடலில் இருக்கும்போது வீட்டில் சாவு என்ற சொல்லே எழக் கூடாது. வாய்விட்டுச் சொன்னால் வந்துவிடும். இத்தனை வருஷ உத்தியோகத்தில் ஒரு நோயாளியிடமும் பவானி அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்காமல் தப்பிக்கத்தான் சத்தியத்தைப் பிடித்துக்கொண்டாள் என்பது அப்போது அவளுக்கே தெரியாது.

ஷாஸியா வந்தது ஒரு சாயங்காலம். தண்டையார்பேட்டைப் பெண். காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அத்தா ரஷீதுக்குப் பக்கவாதம் வந்து படுத்ததும் படிப்பை நிறுத்திவிட்டு, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். இதையெல்லாம் அவளுடைய அம்மா அஜீசுன்னிசாதான் சொன்னாள். பெண் வாயைத் திறக்கவில்லை. என்ன கேட்டாலும் அம்மாவே பதில்.

"வலிக்கிதா கண்ணு?"

"வலி இல்ல சிஸ்டர். கை தவறிப் பட்டதுதான்" என்றாள் அம்மா.

பவானி பக்குவமாகக் காயத்தைக் கழுவினாள், ஊசி போட்டாள், கட்டினாள். பிறகு வழக்கம்போலப் பெண்ணின் கையை எடுத்து அம்மாவின் தலைமேல் வைத்தாள். அஜீசுன்னிசா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பவானியின் குரலுக்கு முன்னால் யார் வாயெடுத்து என்ன ஆகப்போகிறது? சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள். ஷாஸியா சத்தியம் செய்தாள். அம்மாவும் பெண்ணும் ஷேர் ஆட்டோ ஏறிப் போனார்கள். பீம்ராவ் இருந்த அறை அதே வராந்தாவின் கடைசியில்தான் இருந்தது. அங்கே அவர்களை யாரும் அனுப்பவில்லை.

சில மாதம் போனது. பவானியின் அண்ணன் மகளுக்குச் சடங்கு வந்தது. புடவை எடுக்க எம்.சி. ரோட்டுக்குப் போனாள். நல்ல வெயில். கடைக்குள் நுழைந்து சத்தமாக, "பட்டு மாதிரி இர்க்கணும், பட்டு வெல கூடாது" என்று ஆரம்பித்தாள். கவுண்டரில் நின்ற ஒரு பெண் அந்தக் குரலைக் கேட்டதும் சட்டென்று துணிக்கட்டுக்குப் பின்னால் மறைந்தாள். பவானி விடுவாளா? நேரே அங்கே போய் எட்டிப் பார்த்தாள். ஷாஸியா.

"ஏ கண்ணு, நீயா! ஏன் ஓடறே? உன்ன நான் கடிச்சா துன்னப்போறேன்?"

அந்தப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை. கைக்குட்டையால் வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கியவள், பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினாள். முழுக்கை உடுப்பு, மணிக்கட்டருகே கறை. பவானியின் கண் நர்ஸ் கண். மெல்ல அவள் கையைப் பிடித்துத் துணி மாற்றும் அறைக்குள் கூட்டிப்போய் விலக்கிப் பார்த்தாள். பழந்துணியால் சுற்றிய கட்டு. உள்ளே புதுக் காயம், சீழ் பிடித்திருந்தது.

"இத்த வெச்சிகினு எத்தினி நாளா நின்னுகினு கீறே? ஏன் ஆஸ்பத்திரிக்கு வர்ல?"

ஷாஸியா தலை நிமிரவில்லை. "எப்படிக்கா வருவேன்? அம்மா தலைல அடிச்சி சத்தியம் பண்ணேனே. உங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றாள். மீதியும் வந்தது. "நான் சத்தியத்த மீறினேன். அந்த வாரமே அம்மாக்கு ஜுரம் வந்து படுத்துட்டாங்க. என்னாலதான். திரும்பவும் மீறிட்டேன். அடுத்து அம்மாக்கு இன்னா ஆவுமோ. நான் இல்லாமப் போய்ட்டா அம்மாக்கு ஒன்னும் ஆவாதுல்ல?"

பவானிக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் குரல் எழும்பவில்லை. சத்தியம் வாங்கி அனுப்பியவர்கள் திரும்பி வரவில்லை, வரவில்லை என்று மார்தட்டிக்கொண்டாளே. அவர்கள் குணமாகி வராமல் இருக்கவில்லை. இவள் முகத்தில் விழிக்கப் பயந்து வராமல் இருந்திருக்கிறார்கள். எங்கெங்கே, எந்த மூலையில், எத்தனை பேர் இப்படிப் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார்களோ! இந்தப் பெண்ணின் தலைக்குள் சாவுக்கு ஒரு நியாயத்தையே தன் கையால் எடுத்து வைத்துவிட்டாளே!

புடவையாவது ஒன்றாவது! கடை முதலாளியிடம், "பொண்ணுக்குக் கை சரியில்ல, இட்டுகினு போறேன்" என்றாள். அவர் ஏதோ முணுமுணுத்தார். பவானி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் கணக்குப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

ஆஸ்பத்திரியில் முதலில் காயத்தைச் சுத்தம் செய்து மருந்து கொடுத்தார்கள். பிறகு பவானி வராந்தாவின் கடைசி அறைக்கு அவளை அழைத்துப்போனாள். "தம்பி, நீ சொன்னத நான் கேக்கல" என்றாள் பீம்ராவிடம், வாசலிலேயே. அவன் நாற்காலியை இழுத்துப்போட்டான். குத்திக்காட்டும் பழக்கம் அவனுக்கு இல்லை.

ஷாஸியா அவனிடம் பேசமாட்டேன் என்றாள். பவானி அக்கா இருந்தால் பேசுவாளாம், பவானி அக்கா கேட்டால்தான் சொல்வாளாம். பீம்ராவ் பவானியைப் பார்த்தான். கேளுங்க என்பதுபோல் தலையை அசைத்தான்.

அப்பா கடலில் இருந்த நாளெல்லாம் அம்மா அவள் வாயைப் பொத்தியது பவானிக்கு ஞாபகம் வந்தது. எதிரே பார்த்தாள். மெலிந்த கை, புதுக் கட்டு, பயந்த கண். சொல்லாமல் விட்டால் மட்டும் வராமலா இருந்தது? வந்து இந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதே!

"கண்ணு," என்றாள். ஆச்சரியம், மெதுவாகவே வந்தது. "செத்துடணும்னு தோணுதா உனக்கு?"

வானம் இடிந்து விழவில்லை. ஷாஸியா நெடுநாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டாள். "சில நாள் தோணுதுக்கா. எல்லா நாளும் இல்ல."

அதற்கப்புறம் மடை திறந்த மாதிரி வந்தது. கையைக் காயப்படுத்திக்கொள்வது எல்லா நேரமும் சாவதற்காக இல்லை; நெஞ்சுக்குள் ஒரு இரைச்சல் எழும், அது அடங்குவதற்காக. கடையில் சூப்பர்வைசர் எல்லார் எதிரிலும் கேவலமாகப் பேசும் நாளில் எழும். கூடப் படித்தவர்கள் மூன்றாம் வருஷப் பரீட்சை எழுதும் படத்தைப் போனில் பார்த்தால் எழும். அத்தா பேச முயன்று வாய் கோணி அழுதால் எழும். சாகவேண்டும் என்று தோன்றுவது வேறு, அது அம்மாவுக்கு ஜுரம் வந்ததிலிருந்துதான். எப்போது, எந்த இடத்தில், ஏதாவது எடுத்து வைத்திருக்கிறாயா, அந்த நேரத்தில் உன்னை நிறுத்தியது எது என்று பீம்ராவ் ஒவ்வொன்றாகக் கேட்டான். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"அம்மாவக் கூப்பிடலாமாம்மா? இதுல எதெல்லாம் சொல்லலாம், எதச் சொல்லக் கூடாதுன்னு நீயே சொல்லு" என்றான் பீம்ராவ். சத்தியத்தை மீறியதைச் சொல்லலாம் என்றாள் ஷாஸியா.

அஜீசுன்னிசா புர்காவைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்தாள். போலீஸ் வந்துவிட்டதா என்பதுதான் முதல் கேள்வி. இப்படிச் செய்துகொண்டவர்களைத் தண்டிக்கச் சொல்லவில்லை, கவனித்துக்கொள்ளத்தான் இப்போது சட்டம் சொல்கிறது என்று பீம்ராவ் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள். பெண் சத்தியத்தைப் பற்றிச் சொன்னாள், ஜுரத்தைப் பற்றிச் சொன்னாள். சொல்லிமுடித்ததும் அம்மா அடிப்பாள் என்று நினைத்தோ என்னவோ, தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

அஜீசுன்னிசா வாயைப் பிளந்தாள். "அடி என் பைத்தியமே! அல்லா பேரத் தவிர வேற எது மேலயும் சத்தியம் பண்ணக் கூடாதுன்னு சின்னதுல ஓதிக்கொடுத்தது மறந்துபோச்சா? என் தலைமேல பண்ணதெல்லாம் எங்க கணக்குல சத்தியமே இல்ல. அன்னிக்கே சொல்ல வந்தேன், இந்தம்மா எங்க பேச வுட்டாங்க?" பவானி தலையைக் குனிந்துகொண்டாள். "ஜுரம் எதால வந்துச்சி? தெரு முழுக்கச் சாக்கடத் தண்ணி நின்னுகினு கீது. பக்கத்து வூட்டுக்காரிக்கும்தான் வந்துச்சி, அவ தலைல யாரு சத்தியம் பண்ணாங்க? நீ இல்லாமப் போனா எனக்கு ஒன்னும் ஆவாதா? நீ இல்லாமப் போனாதான்டி நான் செத்தேன்!"

சொல்லிவிட்டுப் பெண்ணை மார்போடு அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். பவானி அழுத சத்தத்தில் பக்கத்து அறைக் கதவு திறந்து மூடியது.

அன்றைக்கு ஒரு ஏற்பாடு செய்தார்கள். இரைச்சல் எழுவது தெரிந்தால் முதலில் கடை மாடியில் வேலை செய்யும் தோழி லுப்னாவிடம் போவது. முடியாவிட்டால் அரசு மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடுவது. அதுவும் முடியாவிட்டால் நேரே இங்கே வந்துவிடுவது. வீட்டில் எதை எட்டாத இடத்தில் வைக்கவேண்டும் என்று அம்மாவிடம் பேசினார்கள். மனநல டாக்டர் பார்த்து மாத்திரை எழுதினார். வாராவாரம் பீம்ராவைப் பார்க்கவேண்டும். கிளம்பும்போது ஷாஸியா பழக்கதோஷத்தில் அம்மாவின் தலைப்பக்கம் கையைக் கொண்டுபோனாள்.

பவானி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "சத்தியமும் வாணாம், ஒன்னும் வாணாம். பண்ணிகினாலும் வா. பண்ணிக்கறதுக்கு முன்னாடியும் வா. எப்ப வந்தாலும் ஏன்னு கேக்கமாட்டேன்."

ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. நடுவில் ஒருமுறை கையில் காயத்தோடு வந்தாள். பவானி ஏனென்று கேட்கவில்லை. கழுவினாள், ஊசி போட்டாள், கட்டினாள், வராந்தாவின் கடைசிக்குக் கூட்டிப்போனாள். தபால்வழியில் படிப்பைத் தொடர விண்ணப்பம் போட்டிருப்பதாக ஷாஸியா அப்போதுதான் சொன்னாள். அவசரப் பிரிவிலும் வழக்கம் மாறியது. கட்டுப்போடும் இடத்தைச் சுற்றித் திரை வந்தது. கூட வந்தவர்களை, "போய் ஒரு டீ துன்னுட்டு வாங்க" என்று பவானி வெளியே விரட்டுவாள். டீயை யாரும் துன்னமாட்டார்கள் என்று நயினார் திருத்திப் பார்த்துத் தோற்றார். ஆள் போனதும் திரைக்குள் அவள் குரல் தணியும். கேட்கவேண்டியதைக் கேட்பாள். பழைய முகங்கள் ஒன்றிரண்டு தயங்கித் தயங்கி வர ஆரம்பித்தன.

ரம்ஜான் பண்டிகைக்கு முந்திய வாரம். எம்.சி. ரோட்டில் நடக்க இடமிருக்காது. கடைப் பெண்களுக்கு நிற்க நேரமிருக்காது. அப்படிப்பட்ட ஒரு சாயங்காலம் அவசரப் பிரிவின் கதவைத் தள்ளிக்கொண்டு ஷாஸியா வந்தாள். தனியாக. முகம் வெளுத்து, மூச்சு வாங்கி.

மேஜையில் புதிதாக வந்த இளம் டாக்டர் இருந்தார். "என்ன ஆச்சு? எங்கே அடி?" என்று எழுந்தார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. பவானியை நோக்கி இரண்டு கையையும் நீட்டினாள். "அக்கா, இரைச்சல் வந்துடுச்சி. லுப்னா இன்னிக்கு லீவு. போன் லைன் கிடைக்கல. ஒன்னும் பண்ணிக்கல. வந்துட்டேன்."

பவானி அந்தக் கைகளைப் பிடித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழைய தழும்புகள் இருந்தன. புதிதாக ஒன்றும் இல்லை.

"சிஸ்டர், எங்கே அடின்னு கேட்டேன்" என்றார் டாக்டர்.

"அடியே இல்ல டாக்டர்!" பவானியின் குரல் கூரையில் மோதியது. கட்டில்களில் படுத்திருந்தவர்கள் தலை தூக்கினார்கள். "ஒரு கீறல் இல்ல! முழுசா வந்துகீது எம்பொண்ணு! அது காலால நடந்து வந்துகீது, பாத்துக்கோங்க!" இத்தனை வருஷத்தில் அந்தக் கதவு வழியாக எத்தனையோ பேரைத் தூக்கிவந்து பார்த்திருக்கிறாள். காயமாகும் முன்னால் நடந்துவந்த முதல் ஆள் இவள். கோயில் தேர் நிலைக்கு வந்ததுபோல் பவானிக்கு மனசு நிறைந்துபோனது.

"தண்ணி குடி கண்ணு."

"நோன்புக்கா."

"அட ஆமால்ல!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பீம்ராவ் ஓடிவந்தான். உட்கார்ந்து பேசினார்கள், கேட்கவேண்டியதை எல்லாம் மறுபடி கேட்டார்கள், மனநல டாக்டரும் வந்து பார்த்தார். இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அஜீசுன்னிசா வந்து சேர்ந்தாள். நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பாங்கு சொன்னபோது நயினார், யாரும் சொல்லாமலே, பள்ளிவாசலில் இருந்து தூக்கு நிறைய நோன்புக் கஞ்சி வாங்கிவந்து நீட்டினார். நோன்பு வைத்த அம்மாவும் பெண்ணும் ஒரு டம்ளர் குடித்தார்கள். நோன்பே வைக்காத பவானி இரண்டு டம்ளர் குடித்தாள்.

வீட்டுக்குப் போகலாம், இரண்டு நாளில் திரும்ப வந்து பார்க்கவேண்டும், கடைக்கு இந்த வாரம் லீவு என்று மனநல டாக்டர் சொன்னார். ஷாஸியா செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசல்வரை போனவள் நின்று திரும்பினாள்.

"போயிட்டு வரேன்க்கா!"

"போயிட்டு வா கண்ணு!"

நயினார் பதறிப்போனார். "இன்னா சிஸ்டர், ஆஸ்பத்திரில யாராவது போயிட்டு வான்னு சொல்வாங்களா?"

"நான் சொல்வேன்யா" என்றாள் பவானி. சொன்னது போதாது என்று வாசலுக்கே போய், ஷேர் ஆட்டோ ஏறிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து, தண்டையார்பேட்டை தாண்டி டோல்கேட்வரை கேட்கும்படி இன்னொரு தரம் கத்தினாள்.

"போயிட்டு வா!"